ஒரே தளத்துக்கு இரண்டு தடவை ஃபைபர்

படகின் மரத்தளத்தில் முதல் தடவை போட்ட ஃபைபர், அதாவது கண்ணாடி நாரை ரெசின் என்கிற பிசினில் நனைத்து இறுகவிடும் பூச்சு, ஆறு மாதம்கூட முழுசாகத் தாங்கவில்லை. முன்தளத்தில் காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். கத்தி முனையை விட்டு நெம்பினேன். இரண்டு கை அகலத்துக்கு ஃபைபர் வாழைப்பட்டை உரிகிற மாதிரி உரிந்து வந்தது. அடியில் மரம் கறுத்து, நகத்தால் கிள்ளினால் வருகிற அளவுக்கு இத்துப்போயிருந்தது. புளித்த வாடை வேறு. உரிந்த ஃபைபரைத் திருப்பிப் பார்த்தேன். மரத்தின் நார் ஒன்றுகூட அதில் ஒட்டியிருக்கவில்லை, கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. இருபது வருஷமாக ஃபைபர் வேலை பார்க்கிறவனுக்கு இதைவிடத் தலைகுனிவு வேறென்ன வேண்டும்.

மதுரையில் கோ.புதூர் பக்கம் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. ஒழுகும் தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடிக் கசிவு, குளியலறைக் கதவு, திருவிழாவுக்கு யானை குதிரை பொம்மை, இவ்வளவுதான் என் தொழில். படகைத் தொட்டதில்லை. மதுரைக்காரனுக்குப் படகு என்றால் தைப்பூசத்துக்குத் தெப்பக்குளத்தில் சுற்றி வரும் தெப்பம்தான் ஞாபகம் வரும். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது அதிலும் பாதி வருஷம் தண்ணீர் இருக்காது, குளத்துக்குள் இறங்கிக் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் படகு ரிப்பேர் என் தலையில் விழும் என்று யார் நினைத்தது?

என் மச்சினன் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்க மீன்பாசி குத்தகை எடுத்திருந்தான். தீவனம் போடவும் வலை இழுக்கவும் கடலோரத் தேவிபட்டினத்தில் யாரிடமோ ஒரு பழைய படகை வாங்கி வந்துவிட்டான். 16 அடி நீளம், பிளைவுட்டில் செய்து மேலே ஃபைபர் பூசியது. முன்னால் அணியத்தில் ஐந்தடிக்கு மூடிய தளம், பின்னால் மூன்றடிக்கு இன்னொன்று. முன்தளத்தில் நின்று வலை வீசுவார்கள், பின்தளத்தில் தவிட்டு மூட்டையும் கடலைப் புண்ணாக்கு மூட்டையும் கிடக்கும். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகிக்கொண்டிருந்தபோது படகை 407 வண்டியில் ஏற்றி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பாகத்தில் சிவப்புத் துணி கட்டி, பட்டறை வாசலில் கொண்டுவந்து இறக்கினான்.

“மச்சான், தளம் லேசா ஒழுகுது. குஞ்சு விட்டாச்சு, ஒரு வாரத்துல குடுத்துருங்க.”

“லேசாதானே மாப்ள, மூணு நாள்ல தாரேன்” என்றேன். அந்த மூன்று நாளைத்தான் இங்கே முதலில் சொல்ல வேண்டும்.

மேலே இருந்த பெயின்டை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். தின்னரால் துடைத்தேன். எதிலிருந்து ஒழுகுகிறது என்று தேடவில்லை. மொட்டைமாடியில் செய்வதுபோல மேலே ஒரே மூடாக மூடிவிட்டால் எங்கே ஓட்டை இருந்தால் என்ன என்ற நினைப்பு. சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடி நார் மேட் இரண்டு அடுக்கு, சாதா பாலியஸ்டர் ரெசின், அதன்மேல் ஜெல் கோட் என்கிற நீல மேல்பூச்சு. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். முந்தின நாள் ராத்திரி பெய்த மழை விட்டு வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரெசின் இறுகும்போது ஆங்காங்கே வேர்க்குரு மாதிரி குமிழி கிளம்பியது. ரோலரை இன்னும் அழுத்தி உருட்டு என்று பையனைத் திட்டினேன். குற்றம் ரோலரில் இல்லை. அது பிறகுதான் புரிந்தது.

பங்குனியில் கண்மாய் வற்றியதும் படகு திரும்பி வந்தது. உரித்துப் பார்த்த கதையை மேலேயே சொல்லிவிட்டேன். மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாததுதான் சங்கடமாக இருந்தது. செலவை நானே ஏற்றுக்கொண்டு மறுபடி செய்து தருகிறேன் என்றேன்.

இந்தத் தடவை முதலில் கையில் எடுத்தது கிரைண்டரை இல்லை, ஐந்து ரூபாய் நாணயத்தை. தளம் முழுக்க அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனேன். கெட்டியான இடத்தில் ‘டிக் டிக்’ என்று கூர்மையாகக் கேட்கும். ஃபைபர் விட்டுப்போன இடத்திலும் மரம் இற்ற இடத்திலும் ‘பொத்’ என்று அமுங்கிய சத்தம். ‘பொத்’ கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்தேன். முடித்து எழுந்து நின்று பார்த்தால் முன்தளத்தில் பாதிக்கு மேல் வட்டம். ஆனால் வட்டங்கள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. நங்கூரக் கயிறு கட்டும் குத்துக்கட்டையைச் சுற்றி ஒன்று, இரும்பு வளையங்களைச் சுற்றி இரண்டு, தளமும் பக்கச் சுவரும் சேரும் மூலை நெடுக ஒரு நீளப் பட்டை. தளத்தின் நட்ட நடுவில், மழை நேராக விழுகிற இடத்தில், ஒரு வட்டம்கூட இல்லை.

அடுத்து ஒரு வேலை செய்தேன், இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு குவளைத் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டி ஊற்றினேன். டார்ச்சோடு பையனைத் தளத்துக்கு அடியில் படுக்க வைத்தேன். பத்து நிமிஷத்தில் “அண்ணே, நீலம் வருதுண்ணே” என்றான். எங்கிருந்து என்றால், குத்துக்கட்டைக்கு நேர் கீழே இல்லை. ஒன்றரை அடி தள்ளி, பலகை முடிகிற விளிம்பில். தண்ணீர் போல்ட் துளையில் இறங்கி, பிளைவுட்டின் அடுக்குகளுக்கு நடுவிலேயே நடந்துபோய், வேறோர் இடத்தில் வெளியே வந்திருக்கிறது. தொட்டியில் ஓட்டை எங்கே இருக்கிறதோ ஈரமும் அங்கேதான். தளத்தில் அப்படி இல்லை. ஈரம் தெரிகிற இடத்தில் பட்டி அடைத்துக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் அடைக்க வேண்டியதுதான்.

அந்த வாரம் ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அப்படியே தேவிபட்டினம் போய்ப் படகு கட்டுகிற ஓர் ஓடாவியைப் பார்த்தேன். வயது எழுபதுக்கு மேல். மரப்படகுக் காலத்திலிருந்தே தொழில், பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசிக் கலப்பத்து அடித்த கை. போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார்.

“கடல்ல கெடந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?”

“ஆமாங்கய்யா, கண்மாய்க்கு வந்த பெறகுதான்.”

“உப்பு மரத்தைக் காக்கும் தம்பி. நல்ல தண்ணிதான் மரத்தைத் திங்கும். அதுவும் மேலயும் கீழயும் மூடி வச்சுட்டா கேக்கவே வேணாம். நீங்க தண்ணியை வெளிய விடாம உள்ள வச்சுத் தச்சிருக்கீங்க.”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மரத்தை அழிக்கிற பூஞ்சைக்கு உப்பு ஆகாது. மழைத்தண்ணீரும் கண்மாய்த் தண்ணீரும் அதற்கு ஒத்துக்கொள்ளும். மரத்தில் ஈரம் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வளர முடியாது, அதைத் தாண்டினால் கொண்டாட்டம். ஐப்பசி மழையில் ஊறிக் கிடந்த பலகையை நான் ரெசினால் பூட்டி, அந்த ஓதம் வெளியே போக வழியில்லாமல் செய்துவிட்டேன். கொஞ்சம் விட்டிருந்தால் அதுபாட்டுக்குக் காய்ந்திருக்கும். ஃபைபர் போட்டதுதான் மரத்தைச் சீக்கிரமாக அழித்தது.

ஊருக்கு வந்து முன்தளத்தை வெட்டி எடுத்தேன். கறுப்பு தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல் ஒரு சாண் தள்ளி வெட்டினேன். பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிற எல்லையைத் தாண்டித்தான் எப்போதும் நிற்கும். அடியில் குறுக்குச் சட்டங்கள் இரண்டும் கெட்டியாக இருந்தன, ஒன்றின் நுனி மட்டும் போயிருந்தது. புதுப் பலகைக்கு 12 மில்லி மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது. அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிக்கவைத்தும் அடுக்கு பிரியக் கூடாது என்பது விதி. முத்திரையை நம்பி மோசம் போன அனுபவம் கதவு வேலையில் எனக்கு உண்டு. அதனால் ஒரு துண்டை வெட்டி வீட்டுப் பழைய அண்டாவில் ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவிட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்து, “இன்னைக்குப் பலகைக் கொழம்பா?” என்றாள். அடுக்கு பிரியவில்லை.

மிச்சமிருந்த பழைய பலகையும் சட்டங்களும் காய வேண்டும். எத்தனை நாள்? மர ஈரம் பார்க்கும் மீட்டர் என்னிடம் இல்லை. ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரை எடை போடுகிற டிஜிட்டல் தராசு இருந்தது. வெட்டி எடுத்ததில் கெட்டியான ஒரு துண்டைப் படகுக்குள்ளேயே வைத்து, தினம் சாயங்காலம் நிறுத்து சுவரில் எழுதினேன். முதல் நாள் 412 கிராம். நாலாம் நாள் 391. அப்புறம் எனக்கே பொறுமை போய்விட்டது, போதும் இழுத்து மூடலாம் என்று நினைத்தேன். நல்லவேளை, சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. அழகர் மலையிலிருந்து இறங்கினால் கோ.புதூர் வழியாகத்தான் ஊருக்குள் வருவார். அவரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று எங்கள் தெருவில் யாரை வேலைக்குக் கூப்பிட முடியும்? பையன்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் தலைமறைவு. படகு தகரக் கொட்டகையில், அடியில் விசிறி ஓட, சும்மா கிடந்தது. திரும்பி வந்து நிறுத்தால் 366. மறுநாளும் 366. அதற்கடுத்த நாளும் அதே. எடை இறங்குவது நின்றுவிட்டால், அந்தக் காற்றில் அதற்குமேல் காயாது என்று அர்த்தம். நாற்பத்தாறு கிராம் தண்ணீர் அந்தக் கையளவு துண்டுக்குள் இருந்திருக்கிறது. முழுத் தளத்திலும் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

வெயிலில் நேராகப் போட்டுக் காயவைக்கலாமே என்று கேட்பீர்கள். மேல்பக்கம் மட்டும் சுருங்கிப் பலகை வளைந்துவிடும். நிழலும் காற்றும்தான் சரி.

பின்தளத்தில் வேறொரு வில்லங்கம். அங்கே மரம் இற்றுப்போகவில்லை, ஆனாலும் ஃபைபர் உரிந்திருந்தது. தேய்க்கத் தேய்க்க உப்புத்தாள் பிசுபிசுவென்று அடைத்துக்கொண்டது. மோந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது: கடலைப் புண்ணாக்கு. மூட்டை அடுக்கி அடுக்கி, அதில் மிச்சமிருந்த எண்ணெய் மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. முதல் தடவை நான் தேய்த்துவிட்டுத் துடைத்தேன். முறை அதற்கு நேர் எதிர். முதலில் அசிட்டோன் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கி எறிந்து, வேறு துணியால் மறுபடி துடைத்து, எண்ணெயெல்லாம் போன பிறகுதான் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புத்தாளே எண்ணெயை மரத்துக்குள் தேய்த்து ஏற்றிவிடும். பழைய சொந்தக்காரர் போல்ட்டைச் சுற்றிப் பிதுக்கி வைத்திருந்த சிலிக்கானும் அப்படித்தான். சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்டும் ஒட்டாது, ரெசினும் ஒட்டாது, மறுபடி பூசுகிற சிலிக்கான்கூடச் சரியாக ஒட்டாது. அதைக் கத்தியால் சுரண்டி, 36 நம்பர் டிஸ்க்கில் கிரைண்டர் போட்டு, மரத்தையே ஒரு மயிரிழை எடுத்த பிறகுதான் விட்டது.

இனி ரெசின். தொட்டி வேலையில் பாலியஸ்டர் ரெசின்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஃபைபர்மேல் ஃபைபர் போட அது போதும். மரத்தின்மேல் அது ஒட்டுவது மேலோட்டமாகத்தான். இறுகும்போது சுருங்கும், மரம் ஈரத்துக்கு விரிந்து சுருங்கும்போது அதோடு சேர்ந்து போகாது. எபாக்சி என்கிற இன்னொரு வகை ரெசின் அப்படி இல்லை, மரத்தில் ஊறிப் பிடித்துக்கொள்ளும். விலை இரண்டு மூன்று மடங்கு. ஏற்கெனவே கைக்காசு போட்டுச் செய்கிற வேலை, இதில் வேறு எபாக்சியா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு மூன்றாவது தடவை செய்தால் என்ன செலவாகும் என்று யோசித்தேன். எபாக்சி வாங்கினேன்.

எபாக்சிக்கு வந்ததும் இருபது வருஷப் பழக்கம் இரண்டு இடத்தில் காலை வாரிவிட்டது. பாலியஸ்டரில் அதை இறுகவைக்கும் திரவமான கேட்டலிஸ்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோவுக்கு 10 மில்லி ஊற்றினால் ஒரு வேகம், 20 ஊற்றினால் ஒரு வேகம். எபாக்சியில் அந்த வித்தை நடக்காது. நான் வாங்கியது எடையில் 100க்கு 10. ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் வேகம் மாறுவதற்குப் பதில் சரியாக இறுகாமல் ரப்பர் மாதிரி நின்றுவிடும். கண் அளவு, மூடி அளவு எதுவும் உதவாது, தராசுதான். இரண்டாவது, மேட். சாதா மேட்டை எபாக்சியில் நனைத்து ஒரு பலகைத் துண்டில் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு உருட்டினாலும் வெள்ளையாக விறைத்துக்கொண்டே கிடந்தது. மேட்டின் நார்களை ஒட்டவைத்திருக்கிற பசை, பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. அதனால் மேட்டை ஓரம் கட்டிவிட்டு நெய்த கண்ணாடித் துணி வாங்கினேன், சதுர மீட்டருக்கு 360 கிராம். படகில் பூசுவதற்கு முன்னால் பலகைத் துண்டில் பூசிப் பார்த்தது அந்த ஒரு முறைதான் என்னை ஒரு முழு நாள் வேலையிலிருந்து காப்பாற்றியது.

துணி போடுவதற்கு முன்னால் துளைகளைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வியாதியே அங்கேதான். 8 மில்லி போல்ட் போகிற ஒவ்வொரு துளையையும் 14 மில்லியாக அகலமாக்கினேன். அடியில் டேப் ஒட்டி, முதலில் வெறும் எபாக்சியைப் பிரஷ்ஷால் உள்ளே தடவி மரம் குடிக்கிறவரை விட்டேன். பிறகு சலித்த மரத்தூளைக் கலந்து வேர்க்கடலைச் சட்னி பதத்துக்குக் குழைத்துத் துளையை அடைத்தேன். மறுநாள் அதன் நடுவில் 8 மில்லி துளை. இப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது, அதைச் சுற்றி எபாக்சி உறைதான். நாளைக்குப் போல்ட் ஓரமாகத் தண்ணீர் இறங்கினாலும் படகுக்குள் சொட்டும், பலகைக்குள் ஏறாது. சொட்டினால் கண்ணுக்குத் தெரியும், துடைத்துக்கொள்ளலாம். மொத்தம் 22 துளை. இந்த வேலைக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. மச்சினன் வந்து பார்த்து, “ஓட்டையை அடைச்சு அதுலயே ஓட்டை போடுறீங்க” என்று சிரித்தான்.

பலகையின் வெட்டு விளிம்பும் அப்படித்தான். பிளைவுட் மேற்பரப்பைவிட விளிம்பில்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும். விளிம்புக்கு மட்டும் மூன்று தடவை எபாக்சி தடவினேன். முதல் இரண்டும் பூசின இடம் தெரியாமல் உள்ளே போய்விட்டன. தளத்தின் அடிப்பக்கத்துக்கும், பலகையைப் பொருத்துவதற்கு முன்பே, இரண்டு பூச்சு. பொருத்திய பிறகு அங்கே கை போகாது. முன்தளத்துக்குக் கீழே மூடிய அறையில் காற்றுப் போக வழியே இல்லாமல் இருந்தது. பின்சுவரில் கையகலத்துக்கு இரண்டு வட்டத் துளை போட்டு, குறுக்குச் சட்டங்களின் அடியில் தண்ணீர் ஓடிப்போகச் சின்ன வழியும் செதுக்கிவிட்டேன். செதுக்கின இடத்துக்கும் எபாக்சி.

தளமும் பக்கச் சுவரும் சேரும் மூலை சரியான செங்கோணம். கண்ணாடித் துணிக்குக் கூர்மையான மடிப்பு ஆகாது, எங்கே மடிகிறதோ அங்கே தூக்கிக்கொண்டு அடியில் காற்று நிற்கும். அதனால் உள்மூலைக்கு மரத்தூள் பட்டியைக் கரண்டிக் காம்பின் பின்பக்கத்தால் இழுத்து வளைவாக்கினேன். வெளிமூலையை உப்புத்தாளால் சுண்டுவிரல் மொத்தத்துக்கு உருட்டினேன்.

நேரம். இதுதான் நான் முதல் தடவை செய்த பெரிய முட்டாள்தனம். காலையில் வெயில் ஏற ஏற மரமும் சூடாகும், அதன் துளைகளில் இருக்கிற காற்று விரிந்து வெளியே வரப் பார்க்கும். மேலே ஈர ரெசின் இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு குமிழியாகும். அன்றைக்கு நான் பார்த்த வேர்க்குரு அதுதான். சாயங்காலம் சூடு இறங்கும்போது நேர் எதிர், மரம் மூச்சை உள்ளே இழுக்கும், கூடவே ரெசினையும் இழுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மதுரையில் நாலரை மணிக்கு முன்னால் தொடுவதற்கில்லை. ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். முதலில் வெறும் எபாக்சி ஒரு பூச்சு, மரம் குடித்ததும் காய்ந்து தெரிந்த இடத்தில் இன்னொரு கை. அது பசையாக இருக்கும்போதே துணியை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனோம். துணி வெள்ளை போய்க் கண்ணாடியாகி மரத்தின் ரேகை தெரிய வேண்டும். வெள்ளை தெரிந்தால் ரெசின் போதவில்லை. குளம் கட்டி நின்றால் ரெசின் அதிகம், துணி அதில் மிதக்கும். அதிகமானதைப் பிளாஸ்டிக் பட்டையால் வழித்து எடுத்தோம். முதல் அடுக்கின் இணைப்பும் இரண்டாவதன் இணைப்பும் ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொண்டேன். பக்கச் சுவரில் நாலங்குலம் கீழே இறங்கிப் பழைய ஃபைபர்மேல் ஏறும்படி விட்டேன்.

எபாக்சியை ஒரு தடவைக்கு 300 கிராமுக்குமேல் கலக்கவில்லை. கலந்ததும் டப்பாவில் வைத்திருக்காமல் அகலமான தட்டில் ஊற்றிவிட வேண்டும். டப்பாவுக்குள் தன் சூட்டிலேயே அது சூடேறிக்கொள்ளும். எங்கள் பையன் ஒரு டப்பாவை மறந்து ஓரமாக வைத்துவிட்டான், கால் மணி நேரத்தில் அதிலிருந்து புகை. வெளியே மண்ணில் கொண்டுபோய் வைத்தோம், பிளாஸ்டிக் டப்பா உருகிச் சாய்ந்துவிட்டது. தட்டில் ஊற்றினதோ அரை மணி நேரம் தாராளமாக நின்றது.

பாலியஸ்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு இடையில் ஒன்று. ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் எந்தக் காரணத்துக்கும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது. கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டும் தனியாகச் சேர்ந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். எங்கள் பட்டறையில் இரண்டும் வேறு வேறு அலமாரி, வேறு வேறு அளவுக் குவளை. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம், உடனே ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கண்ணாடி போடச் சொன்னால் வெட்கப்படுகிற பையன்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் ஊற்ற விடுவதில்லை. கிரைண்டர் போடும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். அப்படியும் அரித்தால் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும், வெந்நீர் ஊற்றினால் அரிப்புக் கூடும்.

மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இறுகியிருந்தது, ஆனால் மேலே மெழுகு தடவிய மாதிரி ஒரு வழுவழுப்பு. எபாக்சி இறுகும்போது ஹார்டனரிலிருந்து மேலே வந்து படிகிற படலம் அது. அதன்மேலேயே பெயின்ட் அடித்தால் பெயின்ட் நிற்காது. அசிட்டோனெல்லாம் வேண்டாம், வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாருமே போதும். கழுவிக் காயவைத்து, நெசவுத் தடம் மறைய இன்னும் இரண்டு பூச்சு எபாக்சி, நடுவில் 120 நம்பர் உப்புத்தாள். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தால் சுமார் 32 சதுர அடித் தளத்துக்குத் துணி இரண்டரைக் கிலோ, எபாக்சி பட்டியோடு சேர்த்து ஐந்தரைக் கிலோ.

எபாக்சிக்கு வெயில் ஆகாது, வெறுமனே விட்டால் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். அதனால் இரண்டு பூச்சு பாலியூரித்தேன் பெயின்ட். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவினேன், வலை வீசுகிறவன் கால் வழுக்கக் கூடாதே. மணல் என்றால் எம்-சாண்ட்தான், கிடைப்பது அதுதான். நாலு தண்ணீரில் அலசி மாவை நீக்கி, காயவைத்து, சல்லடையில் சலித்தது. காய்ந்த பிறகு ஒட்டாத மணலைப் பெருக்கித் தள்ளிவிட்டு மேலே இரண்டாவது பூச்சு. போல்ட்டுகளை மாட்டும்போது ஒவ்வொன்றின் தலைக்கும் அடியில் பாலியூரித்தேன் சீலண்ட். முதலில் லேசாக முடுக்கி, சீலண்ட் இறுகிய மறுநாள் முழுசாக முடுக்கினோம். ஒரேயடியாக முடுக்கினால் சீலண்ட் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும், அடியில் மிச்சம் நிற்காது.

ஆவணியில் படகு போனது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நல்ல மழை. தை மாதம் நாணயத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். முன்தளம் முழுக்கத் தட்டினேன், ஒரு இடத்தில்கூட ‘பொத்’ இல்லை. அடியில் டார்ச் அடித்தேன், மரம் வெளுப்பாகக் காய்ந்து கிடந்தது. மனசு லேசாகி, பின்தளத்துக்கு வந்தேன்.

பின்தளத்தின் நட்ட நடுவில் ஒரு பெரிய குடை. வெயிலுக்கு உட்கார. குடைக் கம்பிக்கு அடியில் ஓர் இரும்புத் தட்டு, தட்டைச் சுற்றி நாலு திருகாணி, நேராக ஃபைபரைத் துளைத்து மரத்துக்குள் இறங்கியிருந்தது.

“மாப்ள, இது எப்ப வச்சது?”

“தீபாவளிக்கு முந்தி மச்சான். வெயில் தாங்கல. நாலே நாலு ஸ்க்ரூதான்.”

நாணயத்தால் தட்டைச் சுற்றித் தட்டினேன். மூன்று பக்கம் ‘டிக்’. ஒரு பக்கம் எனக்குச் சந்தேகமாக இருந்தது. திருகாணியைக் கழற்றச் சொன்னேன். நுனியில் துரு, துளைக்குள் விரலை வைத்தால் சில்லென்று இருந்தது. வர்ற ஞாயிற்றுக்கிழமை டிரில்லும் தராசும் கால் கிலோ எபாக்சியும் எடுத்துக்கொண்டு போகிறேன். அதுவரைக்கும் குடையை எடுத்துவிட்டு, துளையைத் திறந்தே காற்றாட விடச் சொல்லியிருக்கிறேன், மேலே ஒரு தார்ப்பாயை மட்டும் உயரமாகக் கட்டி.